பூஜ்யம் வாங்கிய ஊர்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குக் கனிஷ்காவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. ஒன்பதே காலுக்கு வேலாங்காட்டூர் பேருந்து நிலையத்தில் முதல் சரவெடி வெடித்தது. இத்தனைக்கும் அவள் அதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். அந்த ஒருவர் அவளுடைய அம்மா.

செய்தி இதுதான். வேலாங்காட்டூர் பேரூராட்சியில் அறுபது வயது கடந்தவர்கள் ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு பேர். அத்தனை பேரையும் சோதித்ததில், லேசான அறிவாற்றல் குறைவு உள்ளவர்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

கனிஷ்கா அந்த ஊர் சுகாதார நிலையத்தின் கணக்கெடுப்பாளர். வயது முப்பத்தெட்டு. நான்கு மாதம், நாளுக்குப் பத்து வீடு பன்னிரண்டு வீடு என்று ஏறி இறங்கி, அவள் ஒருத்தியாக முடித்த வேலை அது. கையில் ஒரு பெட்டி, சோப்புக்கட்டி அளவு. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் வைத்த பெயர் 'கேட்பான்'. பெட்டி பத்துச் சொற்களைச் சொல்லும். பிறகு அவற்றைத் திரும்பச் சொல்லச் சொல்லும். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை காய்கறிப் பெயர் சொல்ல முடியும் என்று கேட்கும். ஒரு சின்னக் கதை சொல்லி, அதைத் திருப்பிக் கேட்கும். பதினோரு நிமிடம். ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது குரலில் விழுகிற தயக்கத்தைக்கூட அளந்து, மறதி வாசற்படியில் கால் வைப்பதற்குள் கண்டுபிடித்துவிடும். நன்றாக இருந்தால் பச்சை. தொடங்கியிருந்தால் மஞ்சள்.

ஒன்பதரைக்குச் சென்னையிலிருந்து டாக்டர் நிரஞ்சனா அழைத்தார். தென் மாவட்டங்களின் கணக்கெடுப்புக்கு அவர்தான் தலைமை.

"கனிஷ்கா, மூணு தடவை கூட்டிப் பார்த்துட்டேன். பூஜ்யம்தான் வருது!"

"பெட்டி ரிப்பேருங்களா மேடம்?"

"பெட்டி சரியாத்தான் இருக்கு. பக்கத்து ஊர்ல இதே பெட்டி நூத்துக்குப் பதினேழு காட்டுது. உலகம் பூரா எடுத்துக்கோங்க. பனி பெய்யற ஊர், மணல் காட்டு ஊர், பணக்கார ஊர், பஞ்சத்துல அடிபட்ட ஊர், எங்க போனாலும் ஆறு பேருக்கு ஒருத்தர், சில இடத்துல அஞ்சு பேருக்கு ஒருத்தர். தப்பிச்ச ஊர்னு ஒண்ணு கிடையாது. உங்க ஊரைத் தவிர!"

"அப்படின்னா என்னங்க அர்த்தம்?"

"உங்க ஊர்ல என்னமோ இருக்குன்னு அர்த்தம். நாளைக்கு நான் வரேன். கூட வெளிநாட்டுக்காரங்க ஆறு பேர் வராங்க."

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கொள்ளு ரசம் என்றார் ஒருவர். வாய்க்கால் தண்ணீர் என்றார் இன்னொருவர். சொன்ன கையோடு அதை பாட்டிலில் பிடித்து லேபிளும் ஒட்டிவிட்டார். வாழ்நாளெல்லாம் தறிக்கூடத்தில் மூக்கில் ஏறிய பஞ்சுத் தூசிதான் மூளைக்கு மெத்தை போட்டிருக்கிறது என்றார் தேநீர்க்கடைக்காரர். கடையில் நின்றிருந்த ஒரு மருமகன் மட்டும் பெருமூச்சு விட்டார். "எல்லாஞ் சரிங்க. என்ற மாமியார் நான் கல்யாணத்தன்னைக்குச் சொன்ன ஒத்தை வார்த்தைய இன்னும் மறக்காம வெச்சிருக்கறாங்களே, அதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குதுங்களா?"

பேரூராட்சித் தலைவர் லோகேஸ்வரன், ஊர் எல்லையில் 'மறதி அறியாத ஊர் உங்களை வரவேற்கிறது' என்று பலகை வைத்தார். அவருக்கு வயது ஐம்பது. அந்த ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கில் அவர் இல்லை. ஆனாலும் நடை மாறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் நிரஞ்சனா வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். விடுவிடுவென்று நடந்தார், அதைவிட விடுவிடுவென்று பேசினார். இரண்டு நாள் வீடு வீடாகத் தண்ணீரும் மண்ணும் உப்பும் சேகரித்தார்கள். புதன்கிழமை மாலை பேரூராட்சிக் கூடத்தில் ஜனங்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

"ஏனுங்க டாக்டரம்மா, புது ஊசி வருதுங்களாமா? மறதிய நிறுத்திப்போடுமாமா?" என்று கேட்டார் தலைவர்.

"நிறுத்தும். திருப்பாது. போன ஞாபகத்தைக் கொண்டுவராது, இருக்கறதை அப்படியே நிக்க வைக்கும். ஆனா மஞ்சள்ல இருக்கும்போதே போடணும். அதைத் தாண்டிட்டா போட்டும் பிரயோஜனம் இல்ல. உலகத்துல அறுபது வயசுக்கு மேல இருக்கற எல்லாருக்கும் போட மருந்து இல்ல. அதனாலதான் இந்தக் கணக்கே. ஊர்ல எத்தனை மஞ்சளோ அத்தனை ஊசி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கணக்கைப் பூட்டிடுவாங்க."

"அப்ப நம்மூருக்கு எத்தனை?"

"பூஜ்யம்!" என்றார் டாக்டர். கூடமே சிரித்தது. "நோய் இல்லாத ஊருக்கு எதுக்கு மருந்து?"

"மஞ்சளாயிட்டா வண்டி ஓட்ட விடமாட்டாங்களாமே, நெசந்தானுங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஆமா. லைசென்ஸ் நின்னுடும். பத்திரம், பேங்க் எதுக்கும் துணைக் கையெழுத்து வேணும். ஊசி போட்டு ஒரு வருஷம் கழிச்சு மறுபடி சோதிச்சு, நின்னுடுச்சுன்னா எல்லாத்தையும் திருப்பித் தருவாங்க. உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கவலை?"

மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கனிஷ்காவின் அம்மா சுகன்யா எழுந்து நின்றாள். "அடுத்த கணக்கெடுப்பு எப்பங்க?"

"ஏழு வருஷம் கழிச்சும்மா."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். சுகன்யாவுக்கு அறுபத்து நான்கு வயது. பெண்கள் நெசவாளர் சங்கத்தின் செயலாளர். கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு எதிர்க்கேள்வியாவது போடாமல் உட்காருகிறவள் இல்லை. கனிஷ்கா அதைக் கவனித்தாள். ஆனால் அன்றைக்கு ஊரே பறந்துகொண்டிருந்தது. யாருக்கு யோசிக்க நேரம்?

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் விழா. வந்தவர்களுக்கு முன்னால் சோதனையை ஒருமுறை நடத்திக் காட்ட வேண்டும் என்றார் டாக்டர். யாரை உட்கார வைப்பது? "நம்ம சசிதரண்ணனையே போடுங்க, மைக்கு கண்டா அவருக்குக் கூச்சமே இல்ல" என்றார் தலைவர். சசிதரன் கனிஷ்காவின் அப்பா. வயது அறுபத்தாறு. ஊர்த் தறிக்கூடங்களுக்கெல்லாம் நூலும் துணியும் ஏற்றி இறக்குகிற வேன் அவருடையது. சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே மேடை ஏறினார்.

நான்கு மாதமாகக் கனிஷ்கா சோதனை செய்த முறை ஒன்றுதான். பெரியவர் நாற்காலியில், அவருக்கு எதிரே அவள், நடுவில் பெட்டி. வீட்டார் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை வெளியே அனுப்ப முதல் வாரம் முயன்று பார்த்தாள். "ஒத்தை ஆள உக்கார வெச்சுக் கேள்வி கேக்கறதுக்கு இதென்ன போலீஸ் ஸ்டேஷனா அம்மிணி?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். விதிப் புத்தகத்தைப் பார்த்தாள். 'சோதனையின்போது வேறு குரல் கேட்கக் கூடாது' என்றுதான் இருந்தது. வேறு குரல் கேட்டால் பெட்டியே கூவி, முதலிலிருந்து தொடங்கும். வீட்டார் மூச்சுக்கூட விடவில்லை. பெட்டி ஒருமுறைகூடக் கூவவில்லை. அதனால் விட்டுவிட்டாள்.

இன்று மேடையில் இடம் போதவில்லை. அவள் அப்பாவுக்கு அருகில், அவர் பார்க்கிற திசையிலேயே கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று.

பெட்டி ஒலிபெருக்கி வழியே பத்துச் சொற்களைச் சொன்னது. குடை, வாழை, மணி, செருப்பு, ஆறு... அப்பா திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். கனிஷ்கா யதேச்சையாகக் கூட்டத்தைப் பார்த்தாள்.

முன்வரிசையில் அம்மா. அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. மடியில் இருந்த வலது கை விரல்கள் விரிந்தன, மடங்கின, குடை பிடிப்பதுபோல் குவிந்தன. அம்மா மட்டுமில்லை. அம்மாவுக்கு அடுத்தவள், அதற்கடுத்தவர், பின்வரிசை, அதற்கும் பின்வரிசை என்று முந்நூறு கிழவர்களும் கிழவிகளும் ஓசையில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகை முழுக்க விரல்கள் அசைந்தன.



கனிஷ்கா இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றாள்.

"மணி... செருப்பு..." என்று அப்பா இழுத்தார். "அப்புறம்... அது வந்து..." கழுத்தை வளைத்து அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார். ஐந்து விநாடி. ஆறு விநாடி.

கனிஷ்கா நகர்ந்துகொண்டாள். அப்பா மிச்சச் சொற்களை மடமடவென்று ஒப்பித்தார். பெட்டி பச்சை காட்டியது. கைதட்டல் மைதானத்தைத் தூக்கியது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அப்பாவைக் கட்டியே பிடித்துவிட்டார்.

பகல் ஒரு மணிக்கு, வீட்டுச் சமையலறையில், அவள் அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளாம்மா இது?"

"எது?"

"அப்பாவுக்கு நீங்க எடுத்துக் குடுக்கறது."

அம்மா அடுப்பை அணைத்தாள். "ரெண்டு வருசமாச்சு. கடைக்குப் போனா வாங்கப் போனதை மறந்துபோட்டு வருவாரு. பேச்சுல பாதியில நிப்பாட்டி என்ற மூஞ்சியப் பார்ப்பாரு. நான் வாயசைச்சா புடிச்சுக்குவாரு."

"ஊர்ல எல்லாருமா இப்படி?"

"அதுல என்ன அதிசயம் கண்டுட்டே? பழைய தறிச் சத்தம் உனக்கெங்க தெரியும்! நீ பொறந்து வளந்து நெனவு தெரியறதுக்குள்ள சத்தமில்லாத தறி வந்துருச்சு. நாங்கெல்லாம் அதுக்கு முந்தி பத்துப் பதினஞ்சு வருசம் அந்த இரைச்சல்ல நின்னவங்க. கத்துனாலும் காதுல உழுகாது. இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசிக்கு நூலு அறுந்துதுன்னு சொல்லோணும்னாலும், சாயங்காலம் சினிமாவுக்குப் போலாமான்னு கேக்கோணும்னாலும் உதடுந்தான், கைதான். எதுத்தாப்புல ஒருத்தரு திணறுனா நம்ம வாயி தானா அசையுது கண்ணு. அது பழக்கம். திருட்டுத்தனம்னு ஒருத்தரும் நெனச்சுப் பண்ணல."

பெட்டிக்குக் காது உண்டு, கண் இல்லை. நான்கு மாதம், ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு வீட்டார், அத்தனையும் அவள் முதுகுக்குப் பின்னால்!

"அம்மா, நாளைக்கு அஞ்சு மணிக்குக் கணக்கைப் பூட்டிருவாங்க. அப்பாவுக்கு ஊசி கிடைக்காது. ஏழு வருசம்."

"தெரியுது. நேத்தே கேட்டுப்போட்டேன்ல."

"அப்ப நான் சொல்லிர்றேன்."

"சொன்னா அவரு வண்டிச் சாவிய வாங்கிப்போடுவாங்க. அந்த வேன் இல்லாம உங்கப்பா நாலு நாளைக்கு உசுரோட இருக்கமாட்டாரு. அவரு மட்டுமா? ஊர்ல எத்தனை பேரோ. உன்ற வேலையும் போகும்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆனாச் சொல்லாம இருந்தா ஏழு வருசத்துல அவருக்கு என்னையே அடையாளந் தெரியாது. எதைச் சொல்லி எதை மறைக்கறதுன்னு ராத்திரி பூரா யோசிச்சும் எனக்குப் புரியல சாமி."

இரண்டு மணிக்குக் கனிஷ்கா டாக்டர் நிரஞ்சனாவின் முன் நின்று, ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பது நாட்டுக்குச் சொல்லிட்டேன் கனிஷ்கா. என் வாழ்க்கையிலேயே பெரிய கண்டுபிடிப்புன்னு நெனச்சேன். நாலு நாள்கூடத் தாங்கலையே!"

"தப்பு என்னோடதுங்க மேடம். நானே எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதிக் கொடுத்தா பூஜ்யத்தை அழிச்சிட்டு, கணக்கெடுக்காத ஊர்னு போடுவாங்க. கணக்கெடுக்காத ஊருக்கும் ஊசி கிடையாது." அவர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது. "இருங்க. இங்க உதட்டாலயும் கையாலயும் எடுத்துக் கொடுக்கறாங்க, சரி. மத்த ஊர்ல? புருஷன் திணறும்போது இருமிக் காட்டற பொண்டாட்டி இருக்க மாட்டாளா? காலை மிதிச்சுக் காட்டற தங்கச்சி? ஆறுல ஒருத்தர்னு உலகமே ஒப்பிக்குதே, அது வெளிய தெரிஞ்ச ஆறுல ஒருத்தரா? எத்தனை வீட்டுல யார் யாரைத் தாங்கிப் பிடிச்சு நிக்க வெச்சிருக்காங்களோ, அதை எந்தப் பெட்டி கணக்கெடுத்துது?"

"மேடம், இப்ப மணி ரெண்டரை."

"ஆமா." டாக்டர் எழுந்தே விட்டார். "மறுபடி எடுத்துடலாம். நாளைக்கு ஒரே நாள்ல. முடியுமா?"

கனிஷ்கா காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். நாற்பது பெட்டி இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு இருநூறு பேர். ஆறு மணி நேரமும் கொஞ்சமும். காலை பத்தரைக்கு ஆரம்பித்தால் நாலே முக்காலுக்குள் முடியும். பெட்டிகளைச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வாங்கிவிடலாம். "முடியுமுங்க. ஜனங்க ஒத்துக்கிட்டா."

ஜனங்கள் ஒத்துக்கொள்வதாக இல்லை. மாலை நான்கு மணிக்குக் கல்யாண மண்டபம் கொள்ளாத கூட்டம். கனிஷ்கா விஷயத்தைச் சொல்லி முடித்ததும் தலைவர் லோகேஸ்வரன் பாய்ந்தார். "ஊரு மானத்தை வாங்கறியே கனி! பலகையெல்லாம் வெச்சாச்சு!" மகன்கள் கத்தினார்கள். மருமகள்கள் கத்தினார்கள். எங்கப்பனை மஞ்சள்னு சொல்ல நீ யாரு என்று ஒருவன் நாற்காலியைத் தூக்கினான். டாக்டர் ஒலிவாங்கியில் பேசிப் பார்த்தார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அந்த இரைச்சலில் சுகன்யா ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். இரண்டு கையையும் உயரத் தூக்கினாள். வாயைத் திறக்கவில்லை, உதட்டை மட்டும் அசைத்தாள்.

மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்த ஒரு கிழவர் கையைத் தூக்கிப் பதில் சொன்னார். இந்தப் பக்கத்துக் கிழவி ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு உதட்டாலேயே அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஒரு நிமிடத்தில் அறுநூறு பெரியவர்களும் பேசத் தொடங்கிவிட்டார்கள். கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வாயடைத்தார்கள். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. வாழ்நாளிலேயே அவ்வளவு பெரிய சண்டையை அவ்வளவு அமைதியாக யாரும் பார்த்ததில்லை. தான் படித்த படிப்பெல்லாம் எழுத்தறியாத படிப்பு என்று கனிஷ்காவுக்கு அப்போது தோன்றியது.

"அப்பா, என்ன சொல்றாங்க?"

பக்கத்தில் நின்ற சசிதரன் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். "உங்கம்மா கேக்கறா, 'நூலு அறுந்தா தறிய நிறுத்திக் கட்டுவோமா, அறுந்ததை மறைச்சு ஓட்டுவோமா'ன்னு. சம்பத்து சொல்றான், 'மறைச்சு ஓட்டுனவனெல்லாம்தான் மொதலாளி ஆனான்'னு. நளினி கேக்கறா, 'என்ற ஊட்டுக்காரரு டிராக்டர் ஓட்டலைன்னா காட்டுக்கு நீ வந்து உழுவியா'ன்னு. உங்கம்மா, 'ஒரு வருசம் நான் உழுகறேன், ஏழு வருசம் நீ அழுகறியா'ங்கறா."

"அப்புறம்?"

"சம்பத்து பொண்டாட்டி எந்திரிச்சுட்டா. 'என்ற புருசன் போன மாசம் கொடுமுடிக்குப் போறேன்னு கெளம்பித் தாராபுரத்துல நின்னாரு. நானும் கூடப் போனதுனால ஊருக்குத் தெரியல. நான் செத்துப்போனா அவரை யாரு கூட்டியாருவா'ங்கறா." அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

மேடையோரத்தில் சம்பத் தலையைக் குனிந்துகொண்டார். அறுநூறு ஜோடிக் கைகளும் நின்றுவிட்டன.

அம்மா மறுபடி ஆரம்பித்தாள். கீழேயிருந்து யாரோ விரலைச் சுழற்றிக் காட்ட, பெரியவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார்கள்.

"எதுக்குப்பா சிரிக்கறாங்க?"

"அறுந்த நூலு கதையவே மறுக்காச் சொல்றா. 'சொன்னதையே சொல்றியே, உனக்கும் மஞ்சளா'ன்னு கிண்டல் பண்றாங்க." எல்லோரும் சிரித்தார்கள். சொன்ன அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. அம்மா நாற்காலியிலிருந்து இறங்கி, வாய்விட்டே சொன்னாள். "நாளைக்குக் காத்தால பத்தரைக்கு வர்றோம். யாருக்கு மஞ்சள்னு ஊருக்குச் சொல்லக் கூடாது. லோகு, அந்தப் பலகைய நீயாக் கழட்டறியா, நாங்க கழட்டட்டுமா?"

வெள்ளிக்கிழமை! வேலாங்காட்டூர் அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை. தறிக்கூட முதலாளிகள் பேல் பேலாகக் காடாத் துணியை இறக்கினார்கள். மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, வெள்ளைத் திரைகளால் நாற்பது அறைகள் செய்தாயிற்று. உள்ளே ஒருவர், ஒரு பெட்டி, பக்கத்துச் சத்தம் பெட்டிக்கு எட்டாதபடி வாயோரம் ஒரு குட்டி மைக், அவ்வளவுதான். உதடும் தெரியாது, விரலும் தெரியாது. ஆறு ஊர்க் கணக்கெடுப்பாளர்கள் பெட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். முந்தின நாள் நாற்காலியைத் தூக்கியவன் இன்று வரிசையில் எல்லோருக்கும் நாற்காலி போட்டான். சசிதரனின் வேன் தெருத்தெருவாக ஓடியது. நடக்க முடியாதவர்களைத் துணி மூட்டையைவிடப் பதமாகத் தூக்கி வைத்துக் கொண்டுவந்தார். "ஏறுங்க, ஏறுங்க, இன்னைக்கு டிக்கெட் இல்ல, சாகறதுக்குக்கூட லீவு இல்ல!" என்று அவர் கத்துவது மூன்று தெருவுக்குக் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு இருநூற்றெண்பது. இரண்டு மணிக்கு அறுநூற்றெழுபது. இரண்டே காலுக்கு மின்சாரம் போனது. பெட்டிகள் தம் மின்கலத்தில் ஓடின. மூன்றே காலுக்கு ஒன்பது பெட்டிகள் சுருண்டன. டாக்டர் தன் காரைத் திறந்து அதிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுத்தார். வெளிநாட்டுக்காரர்கள் மோர் ஊற்றினார்கள். கனிஷ்கா ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் சுவரில் எண்ணை எழுதினாள். எழுதும்போதெல்லாம் மண்டபம் ஆர்ப்பரித்தது. நான்கு மணிக்கு ஆயிரத்து அறுபது. கடைசியாக வேனை நிறுத்திவிட்டு அப்பாவே ஓடிவந்து ஒரு திரைக்குள் போனார். அடுத்த திரைக்குள் அம்மா.

நாலு மணி நாற்பத்தெட்டு. ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு!

கணினியில் தொகுப்பு வந்தது. மஞ்சள்: இருநூற்று முப்பத்தொன்று. உலகத்துக்கு என்னவோ அதே கணக்குத்தான் வேலாங்காட்டூருக்கும். "வாழ்க்கையில இப்படி ஒரு தோல்விக்கு நான் சந்தோஷப்பட்டதில்ல" என்று டாக்டர் நிரஞ்சனா கனிஷ்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "அனுப்புங்க, அனுப்புங்க!"

அனுப்பும் முன் பட்டியலை ஒருமுறை சரிபார்ப்பது விதி. கனிஷ்கா 'ச'வுக்குப் போனாள். அப்பாவின் பெயர் இல்லை. மறுபடி பார்த்தாள். இல்லை. பச்சைப் பட்டியலைத் திறந்தாள். சசிதரன், அறுபத்தாறு, பச்சை. நன்றாகவே பச்சை.

மஞ்சள் பட்டியலுக்குத் திரும்பினாள். 'ச' முடிந்த இடத்துக்குக் கீழே அந்தப் பெயர் இருந்தது. சுகன்யா, அறுபத்து நான்கு.

மணி நாலு ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்குக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மண்டபத்தில் எழுந்த கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்தன.

அப்பா வெளியே வேன் கதவில் சாய்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பச்சைப்பா."

"தெரியும்."

"அம்மாவுக்கு..."

"அதுவுந் தெரியும் கண்ணு. ரெண்டு வருசமாத் தெரியும்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "மொதல்ல நான் எடுத்துக் குடுத்துத்தான் பார்த்தேன். அவளுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. 'என்னை என்ன கெழவின்னு நெனச்சீங்களா'ன்னு மூணு நாள் பேசல. அதான் திருப்பிப் போட்டேன். நான் மறந்த மாதிரி நின்னா, எனக்கு எடுத்துக் குடுக்கறதுக்குன்னு அவ தேடுவா. தேடித் தேடிப் புடிப்பா. சும்மா கெடக்கற தறிதான் துருப்புடிக்கும். தப்பா வாயசைச்சாலும் நான் சரியான வார்த்தையச் சத்தமாச் சொல்லிருவேன், அவளும் அதைத்தான் சொன்னதா நெனச்சுக்குவா. நீ வீட்டுல அவளைச் சோதிச்ச அன்னைக்கும் உன்ற முதுகுக்குப் பின்னால நாந்தான் வாயசைச்சேன், தனக்கே தோணுனதா நெனச்சுச் சொல்லிப்போட்டா."

"அன்னைக்கு மேடையில திணறினீங்களே?"

"நீ குறுக்க வந்து நின்னுட்டே. அவ எங்க முட்டிக்கிட்டு நிக்கறாளோன்னு எட்டிப் பார்த்தேன்."

அப்போது அம்மா மண்டப வாசலில் வந்து நின்றாள். கையில் மடித்த காடாத் துணிகள். நடுவே முற்றம் முழுக்கக் கூட்டமும் கொட்டுச் சத்தமும். கத்தினால் கேட்காத தூரம். அவள் அங்கிருந்தே, உங்க பேரு பட்டியல்ல வந்துதா என்று கேட்பதுபோல் தலையை அசைத்தாள்.

அப்பா இல்லை என்று தலையாட்டினார். பிறகு உதட்டை அசைத்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. விரலால் ஒருமுறை அவளைக் காட்டினார்.

அம்மாவின் கையிலிருந்த துணிகள் சரிந்தன. அவள் குனிந்து எடுக்கவில்லை. கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போயிற்று. மெல்ல அவளுடைய உதடுகள் அசைந்தன. பிறகு இன்னும் வேகமாக அசைந்தன. கைகளும் சேர்ந்துகொண்டன. அப்பா சிரித்துவிட்டார்.

"என்னப்பா சொல்றாங்க?"

"'ரெண்டு வருசமா நீங்க மறந்துபோட்டு வந்த சாமானுக்கெல்லாம் நான் வெயில்ல திரும்பக் கடைக்கு நடந்தனே, அத்தனையும் வேணும்னே பண்ணுனதா'ன்னு கேக்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாதி வேணும்னு பண்ணுனது, பாதி நெசமாலுமே மறந்ததுன்னு சொன்னேன். எந்தப் பாதி எதுன்னு மட்டும் ஞாபகமில்லைன்னேன்."

அம்மா முற்றத்தில் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், வாயாலேயே திட்டியபடி. கொட்டுச் சத்தத்தையும் மீறி அது கேட்டது.